‘போர்டு’: பலகையில் தொடங்கி வாரியம் வரை வந்த ஒரு பழைய ஆங்கிலச் சொல்

ஒரு நாள் செய்திகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ மாணவர்களுக்கு போர்டு எக்ஸாம் தேதி அறிவிப்பு. ஒரு படத்துக்கு சென்சார் போர்டு சான்றிதழ் தரவில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் போர்டு கூடித் தலைமை அதிகாரியை மாற்றிவிட்டது. பனிமூட்டத்தால் விமான நிலையத்தில் போர்டிங் தாமதம். வெளிநாட்டுப் பக்கத்தில் அமெரிக்க இறக்குமதி வரி. 2025 ஏப்ரலில் ஏறக்குறைய எல்லா நாடுகளின் பொருள்களுக்கும் 10 சதவீத அடிப்படை வரி அறிவிக்கப்பட்டபோது ஆங்கிலச் செய்திகள் அதை ‘அக்ராஸ் த போர்டு’ வரி என்றன. எந்த போர்டு, எதற்குக் குறுக்கே என்று வாசகர் குழம்பினால் அதில் தவறே இல்லை.

அகராதியைத் திறந்தால் குழப்பம் கூடும். பலகை, மேசை, சாப்பாடு, கப்பலின் பக்கம், நாடக மேடை, நிர்வாகக் குழு, ஏறுதல் என்று பொருள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவைபோல வரிசையாக நிற்கும். ஆனால் இவை இரண்டே வேர்களிலிருந்து வந்தவை. எந்தப் பயன்பாடு எந்த வேரைச் சேர்ந்தது என்று பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி சட்டம் சார்ந்தது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

அடிப்படை: பலகையும் விளிம்பும்

பழைய ஆங்கிலம் என்பது ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி. இன்றைய ஆங்கிலேயருக்கு அதைப் படித்துக் காட்டினால் புரியாது. அந்த மொழியில் ‘போர்ட்’ என்று ஒலித்த சொல்லுக்குள் இரண்டு ஜெர்மானியச் சொற்கள் ஒளிந்திருந்தன.

1. அறுத்த மரம், பலகை. அதிலிருந்து பலகையால் செய்த எதுவும்.

2. ஓரம், விளிம்பு. குறிப்பாகக் கப்பலின் பக்கவாட்டு விளிம்பு.

ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டும் வெகு சீக்கிரம் கலந்துவிட்டன. கலந்ததற்கு நியாயமும் இருந்தது. கப்பலின் பக்கம் பலகையால் ஆனதுதானே? பக்கத்தைச் சொல்கிறார்களா பலகையைச் சொல்கிறார்களா என்று பிரித்துப் பார்க்கும் தேவை கேட்பவருக்கு எழவே இல்லை.

முதல் வேர் அந்தக் காலத்திலேயே கிளை விட்டிருந்தது. போர்க் கவிதைகளில் இந்தச் சொல்லுக்குக் கேடயம் என்று பொருள். கி.பி. 937இல் அரசர் ஏதல்ஸ்டன் வென்ற புருனன்பர் போரைப் பாடும் பழைய கவிதை, அவருடைய படை எதிரியின் ‘பலகைச் சுவரை’ப் பிளந்தது என்கிறது. வீரர்கள் கேடயங்களை வரிசையாகச் சேர்த்துப் பிடித்து நின்ற அரண்தான் அந்தச் சுவர். இரும்பு விலை அதிகம், மரம் கைக்கு எட்டியது. அதனால் கேடயத்துக்குப் பலகை என்றே பெயர். பிறகு அந்தக் கேடயமும் போனது, அந்தப் பொருளும் போனது.

இரண்டாம் வேர் இன்னொரு சுற்றும் சுற்றியது. அதே ஜெர்மானியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் விளிம்பு என்ற பொருளில் நிலைத்தது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. அப்படி வந்ததுதான் ‘பார்டர்’. நாட்டின் எல்லைக்கும் சேலையின் கரைக்கும் நாம் சொல்லும் பார்டர், விமான நிலையத்து போர்டிங்குக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

விளிம்பு வழி: கப்பலிலிருந்து விமானம் வரை

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓதெரே என்ற நார்வேக் கடலோடி இங்கிலாந்து அரசர் ஆல்ஃபிரெடிடம் தன் வடதிசைப் பயணத்தைச் சொன்னார். அதை எழுதி வைத்தார்கள். கரையை ஒட்டியே வடக்கே போனதாகவும், வழி முழுக்க ஆளில்லாத நிலம் ‘ஸ்டார்போர்டு’ பக்கமும் விரிந்த கடல் ‘பேக்போர்டு’ பக்கமும் இருந்ததாகவும் அதில் வருகிறது. நார்வேக் கரையோரம் வடக்கு நோக்கிப் போனால் நிலம் வலப்பக்கம்தான் இருக்கும். கணக்கு சரியாக வருகிறது.

ஸ்டார்போர்டு என்ற பெயரில் நட்சத்திரம் எதுவும் இல்லை. ‘ஸ்டியர்’, அதாவது கப்பலைத் திருப்புவது என்ற சொல்லின் பழைய வடிவம் அது. நடுவில் பொருத்தும் சுக்கான் வருவதற்கு முன்னால், பின்பகுதியில் வலப்பக்கமாகத் தொங்கவிட்ட பெரிய துடுப்பால்தான் கப்பலைத் திருப்பினார்கள். பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள் என்பதால் வலப்பக்கம். துடுப்பைப் பிடித்தவரின் முதுகு இடப்பக்கம் திரும்பியிருக்கும். அதனால் அந்தப் பக்கம் ‘பேக்போர்டு’.

துறைமுகத்தில் சுக்கான் துடுப்பு நசுங்கிவிடாமல் இருக்க இடப்பக்கத்தைத்தான் கரையோடு அணைப்பார்கள். சரக்கு ஏற்றியதும் அந்தப் பக்கம்தான். ஆகவே இடப்பக்கத்துக்குப் பின்னாளில் ‘லார்போர்டு’ என்று பெயர் வந்தது, ஏற்றும் பக்கம் என்ற பொருளில். இதில்தான் வந்தது வினை. ஸ்டார்போர்டு, லார்போர்டு என்று புயலில் யாராவது கத்தினால் எது வலம், எது இடம் என்று எப்படித் தெரியும்? 1844இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை நீக்கி, நம் போர்டோடு தொடர்பில்லாத ‘போர்ட்’ என்ற துறைமுகச் சொல்லை வைக்க உத்தரவிட்டது. 1846இல் அமெரிக்கக் கடற்படையும் அதையே செய்தது. இன்றும் கப்பலானாலும் விமானமானாலும் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை.

இதே விளிம்பிலிருந்து பிறந்ததுதான் ‘போர்டு’ என்ற வினைச்சொல். முதலில் அது சண்டைச் சொல். எதிரிக் கப்பலின் பக்கத்தோடு நம் கப்பலை ஒட்டி அதன்மேல் தாவி ஏறுவது. சண்டை போய், சும்மா ஏறுவது என்றாகி, ரயிலுக்கும் விமானத்துக்கும் பரவி, கையில் ஒரு சீட்டாக வந்து நிற்கிறது: போர்டிங் பாஸ். வேலைக்குப் புதிதாகச் சேருபவரை அலுவலகத்துக்குப் பழக்குவதை ஆன்போர்டிங் என்கிறார்களே, அதுவும் இந்த வழிதான். ‘ஓவர்போர்டு’ என்றால் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழுவது. ‘கோ பை த போர்டு’ என்றால் ஒரு திட்டம் கைவிடப்பட்டது என்று பொருள். புயலில் முறிந்த பாய்மரம் கப்பலின் பக்கமாகச் சரிந்து தண்ணீரில் போவதைச் சொன்ன மாலுமிப் பேச்சு அது.

அணைச் செய்திகளில் பொறியாளர்கள் சொல்லும் ‘ஃப்ரீபோர்டு’ கூட இங்கிருந்துதான். கப்பலில் நீர்மட்டத்துக்கு மேலே நனையாமல் நிற்கும் பக்கத்தின் உயரம் அது. அளவுக்கு மீறிச் சரக்கேற்றினால் அந்த உயரம் குறையும், கப்பல் மூழ்கும். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடியதன் பலனாக 1876இல் பிரிட்டிஷ் கப்பல்களில் சுமை எல்லைக்கோடு வரைவது சட்டமானது. அணைக்கும் அதே கணக்குதான்: முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்கும்போது அதற்கு மேல் கரை எவ்வளவு உயரம் மிச்சமிருக்கிறது?

பலகை வழி: சாப்பாட்டு மேசை

இடைக்கால ஐரோப்பிய வீடுகளில் நிலையான சாப்பாட்டு மேசை அபூர்வம். முக்காலிபோன்ற தாங்கிகளின் மேல் நீளப் பலகைகளைப் போட்டுச் சாப்பிடுவார்கள். முடிந்ததும் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். மேசை என்பதே பலகைதான், அதனால் பெயரும் பலகை. பிறகு பிரெஞ்சு வழி வந்த ‘டேபிள்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. போர்டு, சாமானின் பெயராக இருந்த வேலையை இழந்து, மேசைமேல் வைக்கும் சாப்பாட்டின் பெயராக ஒதுங்கியது.

(இடத்தைப் பிடித்த டேபிளும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டனிலும் இந்தியாவிலும் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்வது என்றால் சபை முன் வைப்பது. அமெரிக்காவில் அதற்கு நேர் எதிர்: விவாதிக்காமல் ஒத்திப்போடுவது.)

‘பெட் அண்ட் போர்டு’ என்பது படுக்கையும் சாப்பாடும். பழைய ஆங்கிலத் திருச்சபைச் சட்டத்தில் கணவனும் மனைவியும் இவ்விரண்டிலிருந்தும் பிரிந்து வாழ அனுமதி உண்டு, ஆனால் மறுமணத்துக்கு அனுமதி இல்லை. 1857ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவை நீதிமன்றப் பிரிவு என்று மாற்றி அமைத்தது.

நம்மூர் பழைய ஓட்டல்களின் வாசலில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருக்கும். இரண்டுமே தங்குவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். லாட்ஜிங்தான் தங்குவது, போர்டிங் என்றால் சாப்பாடு. ஆகவே,

1. ஓட்டல் வாசலில் போர்டிங்: சாப்பாடு. பலகை வழி.

2. போர்டிங் ஸ்கூல்: சாப்பாடு போட்டுத் தங்கவும் வைக்கும் பள்ளி. அதே வழி, தங்குவதைச் சேர்த்துக்கொண்டது. இலங்கையில் வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள் போர்டிங்கில் இருக்கிறேன் என்று சொல்லும்போது தங்கும் அறையே முதன்மை, சாப்பாடு பின்னால் போய்விட்டது.

3. விமான நிலையத்தில் போர்டிங்: ஏறுவது. விளிம்பு வழி. முதல் இரண்டுக்கும் இதற்கும் ஒட்டுறவு இல்லை, ஒலி மட்டும்தான் ஒன்று.

‘கப்போர்டு’ முதலில் கதவில்லாத வெறும் பலகை. கோப்பைகளை எடுப்பாக வைத்துக் காட்டுவதற்கு. கதவு பிற்பாடு வந்தது.

மேசை குழுவானது எப்படி?

16ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் பெரிய தாவல் ஒன்றைச் செய்தது. அரசரின் ஆலோசகர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். மேசையின் பெயரே உட்கார்ந்தவர்களின் பெயரானது. இது போர்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசின் வரவுசெலவைச் சரிபார்த்த மேசை சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம் என்று அக்காலக் குறிப்பு சொல்கிறது. கணக்குக் காய்களை வைப்பதற்காக அதன்மேல் கட்டம் போட்ட துணி விரித்திருந்தார்கள். அது சதுரங்கப் பலகைபோல இருந்ததால், அந்தப் பலகைக்கான பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து நிதித்துறைக்கே ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர் வந்தது. பிரெஞ்சு ‘பீரோ’ மேசைமேல் விரிக்கும் முரட்டுத் துணியில் தொடங்கி, மேசையாகி, அலுவலகமானது. அது தமிழ்நாட்டுக்கு வந்து இரும்பு அலமாரியானது தனிக்கதை. நம்மிடமும் சங்கப் பலகை இருக்கிறதே. அதில் இடம் கிடைத்தால்தான் புலவர் என்று மதுரைக் கதை சொல்கிறது. உட்காரும் இடமே அவையாகிவிடுவது எந்த மொழிக்கும் புதிதல்ல.

இந்தக் குழுப் பொருள்தான் ஆட்சியோடு கப்பலேறி இங்கே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்காணிக்க 1784ஆம் ஆண்டுச் சட்டத்தால் லண்டனில் ‘போர்டு ஆஃப் கண்ட்ரோல்’ அமைந்தது. 1786இல் சென்னையில் வருவாய்க்கு ஒரு போர்டு வந்தது. அது ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நீடித்து 1980இல்தான் கலைக்கப்பட்டது. 1884ஆம் ஆண்டு உள்ளூர் போர்டுச் சட்டத்துக்குப் பிறகு ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை எல்லாம் ஜில்லா போர்டு கையில். தஞ்சாவூர் ஜில்லா போர்டு மாயவரத்திலிருந்து தெற்கே போகும் ரயில் பாதையையே சொந்தமாக வைத்திருந்தது. 1905இல் ரயில்வே போர்டு, 1928இல் கிரிக்கெட் போர்டு.

சூதாட்டமும் குதிரைப் பந்தயமும்

‘அபவ் போர்டு’ என்றால் ஒளிவு மறைவு இல்லாமல். சீட்டாடுபவர் கையை மேசைக்கு மேலே வைத்திருந்தால் ஏமாற்ற முடியாது. ‘ஸ்வீப் த போர்டு’ என்றால் மேசையில் இருந்த பந்தயப் பணம் அத்தனையையும் வாரிக்கொள்வது. தேர்தலில் எல்லாத் தொகுதிகளையும் ஒரே கட்சி அள்ளும்போது ஆங்கில நாளிதழ்கள் இதை எடுத்துவிடும்.

இப்போது அந்த வரிச் செய்தி. அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் ஒரு குதிரை முதலாவது வரும் என்று பணம் கட்டலாம், இரண்டுக்குள் வரும் என்று கட்டலாம், மூன்றுக்குள் வரும் என்றும் கட்டலாம். மூன்றுக்கும் ஒரே தொகையைக் கட்டுவதுதான் ‘அக்ராஸ் த போர்டு’. பந்தய விவரம் எழுதிய பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை என்று பொருள். ஆக, விதிவிலக்கில்லாமல் எல்லாவற்றுக்கும் சமமாக என்பதுதான் சேதி. அரசியல்வாதிகள் இந்தத் தொடரை விரும்புவதற்கும் அதுவே காரணம், நியாயமாக நடப்பதுபோல ஒலிக்கிறது. நிஜத்தில் 2025 அறிவிப்பிலேயே விலக்குப் பட்டியல் இருந்தது, பல நாடுகளுக்குக் கூடுதல் விகிதமும் இருந்தது. தொடர் ஒன்றைச் சொன்னது, அட்டவணை வேறொன்றைச் சொன்னது.

மரம் போன பிறகும்

டாஷ்போர்டின் கதைதான் இதில் சுவையானது. குதிரை வண்டி ஓடும்போது குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் படாமல் முன்னால் ஒரு பலகையோ தோல் தடுப்போ வைத்தார்கள். ‘டாஷ்’ என்றால் வாரியடிப்பது. கார் வந்தது, குதிரை போனது, தடுப்பு நின்றது. அதில் வேகமானியும் எண்ணெய் அளவும் பொருத்தினார்கள். அப்புறம் எண்களைத் தொகுத்துக் காட்டும் கணினித் திரைக்கும் அதே பெயர் வந்தது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய சி.எம். டாஷ்போர்டில் சேறும் இல்லை, பலகையும் இல்லை.

கார்ட்போர்டு, கீபோர்டு, மதர்போர்டு எல்லாம் இதே ரகம். தட்டையாக இருந்து, ஏதாவது ஒன்றைத் தாங்கினால் போதும், அது போர்டு. பச்சையாகிவிட்ட வகுப்பறைப் பலகையை நாம் கரும்பலகை என்று சொல்வதும் இப்படித்தான்.

வாரியம் என்றால் அரசா?

தமிழில் குழுப் பொருளுக்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் வாரியம். இது போர்டின் மொழிபெயர்ப்பாகப் புதிதாகச் செய்ததல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவற்றில், சம்வத்சர (ஆண்டு) வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் வருகின்றன. குடவோலை முறையில் ஆளெடுத்து 360 நாள் பதவியில் வைத்தார்கள். ஆக, பலகையோ விளிம்போ கலக்காத, நிர்வாகம் மட்டுமே பொருளான சொல் நம்மிடம் முன்பே இருந்தது. பாதிக் குழப்பத்தை அதுவே தவிர்க்கிறது.

மிச்சக் குழப்பம் இது: பெயரில் போர்டு இருந்தால் அது அரசு அமைப்பு என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனியாக எந்த அதிகாரமும் கிடையாது. அமைப்பு எப்படிப் பிறந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1. சட்டத்தால் பிறந்தவை. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபியின் (செக்யூரிட்டீஸ் அண்ட் எக்ஸ்சேஞ்ச் போர்டு ஆஃப் இந்தியா) பெயரிலேயே போர்டு இருக்கிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு விதி செய்யும் அதிகாரமும் அபராதம் போடும் அதிகாரமும் தந்திருக்கிறது. சென்சார் போர்டு 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது. 1983இல் அதன் பெயரில் தணிக்கை போய்ச் சான்றளிப்பு வந்தது. வாய்ப்பேச்சில் தணிக்கை போகவில்லை.

2. சங்கமாகப் பதிவானவை. சி.பி.எஸ்.இ. மத்திய அரசின் கட்டுப்பாட்டில் இருந்தாலும் தனிச் சட்டத்தால் பிறந்ததல்ல, பதிவு செய்த சங்கம். கிரிக்கெட் போர்டு இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான தனியார் அமைப்பு அது. அரசமைப்புச் சட்டம் சொல்லும் ‘அரசு’ என்ற வரையறைக்குள் அது வராது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப்பணி செய்வதால் உயர் நீதிமன்றத்தின் கேள்விக்கு உட்பட்டது என்ற நிலை பின்னர் தெளிவானது.

3. கம்பெனிக்கு உள்ளே இருப்பவை. டைரக்டர்களின் போர்டு தனி அமைப்பே அல்ல, கம்பெனியின் ஓர் உறுப்பு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுக் கம்பெனிக்குக் குறைந்தது 3 இயக்குநர்கள், தனியார் கம்பெனிக்கு 2.

இந்தப் பெயர்ச் சிக்கலைத் தமிழகம் 2018இல் நேரில் பார்த்தது. காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பில் வட இந்திய அணைகளை நிர்வகிக்கும் பக்ரா பியாஸ் வாரியத்தின் மாதிரியில் மேலாண்மை வாரியம் அமைக்கச் சொல்லியிருந்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஆறு வாரத்தில் ‘ஸ்கீம்’ ஒன்றை உருவாக்கச் சொன்னது. ஸ்கீம் என்றால் வாரியம்தானா, வேறு ஏதாவதா என்று கெடு முடியும் வேளையில் மத்திய அரசு விளக்கம் கேட்டுப் போனது. தமிழகமெங்கும் போராட்டம். கடைசியில் ஜூன் மாதம் வந்தது காவிரி நீர் மேலாண்மை ஆணையம். வாரியம் கேட்டோம், ஆணையம் தந்தார்கள் என்ற மனக்குறை பலருக்கு இருந்தது. ஆணையம் என்பதால் அதிகாரம் கூடிவிடவும் இல்லை, வாரியம் இல்லை என்பதால் குறைந்துவிடவும் இல்லை. அதன் அதிகாரம் 2018 ஜூன் 1 அறிவிக்கையின் பிரிவுகளில் இருக்கிறது. யார் உறுப்பினர், முடிவை யார் எடுப்பது, ஒரு மாநிலம் சொன்னதைக் கேட்காவிட்டால் ஆணையம் யாரிடம் போவது என்பவற்றை அங்கேதான் தேட வேண்டும்.

மின்சாரத்தில் நடந்தது இதைவிட அமைதியான மாற்றம். 1957இல் சட்டப்படி அமைந்த மின்வாரியம், 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்கு ஏற்ப 2010 நவம்பரில் கம்பெனிகளாக மாறியது. அதுவரை வாரியமே முதலாளி. அதன்பின் கம்பெனிதான் முதலாளி, அதற்குள் இயக்குநர்களின் போர்டு ஒன்று. நுகர்வோருக்கும் ஊழியருக்கும் ஒப்பந்ததாரருக்கும் எதிரே நிற்கும் சட்ட நபர் மாறிவிட்டார். நோட்டீஸ் அனுப்புவதானாலும் வழக்குப் போடுவதானாலும் எழுத வேண்டிய பெயர் இப்போது அந்தக் கம்பெனியின் பெயர். கரண்ட் போனால் நாம் கூப்பிடுவது மட்டும் இன்னும் ஈ.பி.யைத்தான்.